முகக் காயங்களும் சி.டி. ஸ்கேனும்: எந்த முறை எதைக் காட்டுகிறது?

சாலை விபத்திலோ, கைகலப்பிலோ, விளையாட்டு மைதானத்திலோ முகத்தில் பலத்த அடிபட்ட ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, பல வேளைகளில் முகம் வீங்கி, கண் இமைகள் திறக்க முடியாதபடி மூடிக்கொண்டிருக்கும். வீக்கத்துக்கு அடியில் எந்த எலும்பு உடைந்திருக்கிறது, கண்ணுக்கு ஆபத்து உண்டா என்பதைத் தொட்டுப் பார்த்து மட்டும் முழுமையாக அறிய முடிவதில்லை. அந்தக் கட்டத்தில் மருத்துவர்கள் பெரும்பாலும் நாடுவது சி.டி. ஸ்கேன் எனப்படும் கணினி வழிக் குறுக்குவெட்டுப் படத்தையே.

ஆனால் சி.டி. ஸ்கேன் என்ற ஒரே பெயரில் இன்று பல முறைகள் வழக்கில் உள்ளன. பெரிய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இருக்கும் பல அடுக்கு சி.டி. கருவிகள் ஒரு வகை. பல் மருத்துவ நிலையங்களிலும் தனியார் ஸ்கேன் மையங்களிலும் பரவலாகிவிட்ட, 'கோன் பீம்' எனப்படும் கூம்புக் கதிர் சி.டி. கருவிகள் மற்றொரு வகை. ஒரே கருவியில் எடுத்த தகவலைக்கூடத் தட்டையான வெட்டுப் படங்களாகவும் பார்க்கலாம், மண்டையோட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது போன்ற முப்பரிமாணப் படமாகவும் பார்க்கலாம்.

இவற்றில் எது சிறந்தது என்பது நோயாளிகளும் உறவினர்களும் அடிக்கடி எழுப்பும் கேள்வி. எதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அதற்குப் பதில் சொல்ல முடியும். முகக் காயங்களைப் பொறுத்தவரை, பார்வைக்கு மிகவும் தெளிவாகத் தோன்றும் படமே சில வேளைகளில் முக்கியமான ஒன்றை மறைத்துவிடக்கூடும்.

தூண்களும் மெல்லிய சுவர்களும்

முக எலும்புகளை ஒரு கட்டடத்துக்கு ஒப்பிடுவது மருத்துவ நூல்களில் வழக்கம். மேல்தாடையிலிருந்து மூக்கின் இரு பக்கமாகவும் கன்ன எலும்புகள் வழியாகவும் மேல்நோக்கிச் செல்லும் தடித்த பகுதிகள் தூண்களாக இயங்குகின்றன. கண்குழிகளின் விளிம்புகளும், கன்னத்திலிருந்து காதை நோக்கிச் செல்லும் எலும்பு வளைவும் குறுக்கே கிடக்கும் உத்திரங்கள் போன்றவை. மெல்லும்போது ஏற்படும் விசையைத் தாங்குபவை இவையே.

இந்தத் தூண்களுக்கு இடையில் இருக்கும் சுவர்கள் மிகவும் மெல்லியவை. மூக்கை ஒட்டியிருக்கும் கண்குழிச் சுவர் பல இடங்களில் அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது. கண்குழியின் தளமும் ஏறத்தாழ அத்தகையதே. கண்ணின் மீது விழும் அடியில் இந்தத் தளம் உடைந்தால், கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பும், கண்ணை அசைக்கும் தசையும் கீழேயுள்ள வெற்றிடத்துக்குள் இறங்கிவிடக்கூடும். அதன் விளைவாக ஒரு பொருள் இரண்டாகத் தெரியலாம். வீக்கம் வடிந்த பின்னர் கண் உள்வாங்கியும் காணப்படலாம்.

முக எலும்புகள் எந்தெந்தக் கோடுகளில் உடைகின்றன என்பதை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர். சடலங்களின் தலைகள் மீது பல திசைகளிலிருந்து விசையைச் செலுத்திப் பார்த்து, மேல்தாடை முறிவுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் மூன்று வடிவங்களை 1901இல் அவர் விவரித்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகியும் அந்த முறிவுகள் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

ஆகவே, முகக் காயத்தைப் படம் எடுக்கும் எந்த முறையும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தர வேண்டியிருக்கிறது. தூண்களும் உத்திரங்களும் இடம்பெயர்ந்துள்ளனவா என்பது முதலாவது. மெல்லிய சுவர்கள் உடைந்து, அவற்றின் வழியே எதுவும் சிக்கியோ கசிந்தோ இருக்கிறதா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பல முறைகளும் ஓரளவு பதில் தந்துவிடுகின்றன. முறைகளுக்கு இடையிலான வேறுபாடு இரண்டாவது கேள்வியில்தான் தெளிவாகிறது.

சாதாரண எக்ஸ்ரேயின் எல்லை

சி.டி. வருவதற்கு முன்னர் பல பத்தாண்டுகளாக மருத்துவர்கள் சாதாரண எக்ஸ்ரே படங்களையே நம்பியிருந்தனர். எக்ஸ்ரே படம் அடிப்படையில் ஒரு நிழல். முகத்தின் முன்பகுதி எலும்பின் நிழலும் மண்டையின் பின்பகுதி எலும்பின் நிழலும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன. தலையைச் சாய்த்து வெவ்வேறு கோணங்களில் படம் எடுத்து இந்தச் சிக்கலைக் குறைக்க முயன்றார்கள். கன்ன எலும்பு உடைந்து இடம்பெயர்ந்திருந்தால் அது தெரியும். மெல்லிய சுவரில் ஏற்பட்ட முறிவையோ, அதில் சிக்கிய தசையையோ நேரடியாகக் காண்பது அரிது.

கீழ்த்தாடைக்கு மட்டும் இன்றும் எக்ஸ்ரே முறைக்கு இடமுண்டு. தலையைச் சுற்றிவந்து இரண்டு தாடைகளையும் ஒரே நீண்ட படமாகத் தரும் பனோரமிக் எக்ஸ்ரே விரைவானது, மலிவானது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. ஆயினும் அதற்கும் வரம்பு உண்டு. கீழ்த்தாடை முறிவுள்ள 42 நோயாளிகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2001இல் வெளியான ஓர் ஆய்வில், சுழல் சி.டி. எல்லா முறிவுகளையும் காட்டியது. பனோரமிக் படம் காட்டியது 86 வீதத்தை மட்டுமே.

லண்டனில் தொடங்கிய மாற்றம்

நிழல்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும் சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் பிரிட்டனின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உறிஞ்சப்பட்டது என்பதை அளந்து, அந்த எண்களைக் கொண்டு தலையின் ஒரு குறுக்குவெட்டைக் கணினியால் மீட்டுருவாக்க முடியும் என்று அவர் காட்டினார். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதலாம் தேதி, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு இந்தக் கருவியால் படம் எடுக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும், இதன் கணித அடிப்படையைத் தனியே வகுத்த ஆலன் கோர்மக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அந்த முதல் படம் 80க்கு 80 என்ற அளவில் அமைந்த சதுரப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. ஆனால் அதன் முக்கியத்துவம் வேறொன்றில் இருந்தது. எலும்பு, இரத்தம், கொழுப்பு, காற்று ஆகியவற்றை எண்களால் வேறுபடுத்திக் காட்ட முடிந்தது. நீருக்குப் பூஜ்யம், காற்றுக்குக் கழித்தல் 1000 என அமைந்த அந்த அளவுகோல் இன்றும் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரைத் தாங்கியுள்ளது. முகக் காயத்தில் உடைந்த எலும்பை மட்டுமன்றி, கண்ணுக்குப் பின்னால் தேங்கிய இரத்தத்தையும் ஒரே படத்தில் காண முடிவது இதனால்தான்.

கழுத்தை வளைக்க வேண்டியிருந்த காலம்

தொடக்ககால சி.டி. கருவிகள் படுத்திருக்கும் நோயாளியின் தலையைக் கிடைமட்டமாக வெட்டிக் காட்டின. அதாவது, நிற்கும் ஒருவரின் முகத்தைத் தரைக்கு இணையாக அடுக்கடுக்காக வெட்டினால் எப்படியோ அப்படி. இதில் ஓர் இயல்பான குறை இருந்தது.

ஒரு வீட்டைத் தரைக்கு இணையாக வெட்டிப் பார்த்தால், எழுந்து நிற்கும் சுவர்கள் எல்லாம் கோடுகளாகத் தெரியும். ஆனால் தளத்தில் ஓட்டை இருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியாது. தளமும் வெட்டும் ஒரே திசையில் கிடப்பதே காரணம். கண்குழியின் தளத்துக்கும் இதே நிலைதான். அதைச் சரியாகக் காண வேண்டுமானால், ஒரு காதிலிருந்து மறு காது வரை மேலிருந்து கீழாகச் செல்லும் செங்குத்து வெட்டு தேவை.

அக்கால மருத்துவர்கள் அதற்கு நேரடியான வழியைக் கையாண்டனர். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மோவாயை முன்னே உயர்த்தியோ, மல்லாந்து படுக்கவைத்துத் தலையைப் பின்னே தொங்கவிட்டோ மீண்டும் ஒரு முறை படம் எடுத்தனர். கண்குழியின் தளம் இதில் நன்றாகத் தெரிந்தது.

ஆனால் முகத்தில் பலத்த அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பிலும் காயம் இருக்கக்கூடும். அது இல்லை என்று உறுதியாகும் வரை கழுத்தை வளைப்பது ஆபத்தானது. மயக்கத்தில் இருப்பவரையும், மூச்சுக் குழாய் பொருத்தப்பட்டவரையும் இந்த நிலையில் வைக்கவே முடியாது. எனவே, மிகத் துல்லியமான படம் யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ, அவருக்கு அது கிடைக்காத நிலை இருந்தது. மேலும் செங்குத்து வெட்டு பற்களையும் கண்குழியையும் ஒரே தளத்தில் கடந்து செல்வதால், பல்லில் அடைத்த உலோகத்திலிருந்து கிளம்பும் கீற்றுகள் கண்குழியின் படத்தையும் பாதித்தன.

கிடைமட்ட வெட்டுகளையே அடுக்கி, அவற்றிலிருந்து செங்குத்துப் படத்தைக் கணினியில் உருவாக்கும் வழியும் அப்போதே இருந்தது. ஆனால் அக்கால வெட்டுகள் பல மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. அவற்றிலிருந்து உருவாக்கிய படம் படிக்கட்டுப் போல ஏறியிறங்கிக் காட்சியளித்தது. அரை மில்லிமீட்டர் எலும்பு மூன்று மில்லிமீட்டர் வெட்டுக்குள் அடங்கும்போது, அதன் அடர்த்தி பக்கத்திலுள்ள கொழுப்புடனும் காற்றுடனும் கலந்து சராசரியாகிவிடுகிறது. உடையாத எலும்பு உடைந்ததுபோலவும், உடைந்த எலும்பு முழுமையாக இருப்பதுபோலவும் தோன்ற இதுவே காரணம்.

சுழல் முறையும் பல அடுக்கு முறையும்

இந்த நிலையை இரண்டு மாற்றங்கள் புரட்டிப்போட்டன. நோயாளி படுத்திருக்கும் மேசை நகர்ந்துகொண்டிருக்கும்போதே கதிர்க்குழல் இடைவிடாமல் சுற்றிவந்து படம் எடுக்கும் சுழல் சி.டி. முறை 1989இல் அறிமுகமானது. ஒரே சுற்றில் நான்கு அடுக்குகளைப் பதிவுசெய்யும் கருவிகள் 1998இல் வந்தன. 2004 அளவில் அது 64 அடுக்குகளாக உயர்ந்தது.

இதன் நடைமுறைப் பயன் வேகம் மட்டுமன்று. தகவல் இப்போது எல்லாப் பக்கமும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கொண்ட சிறு கனசதுரங்களாகக் கிடைக்கிறது. கனசதுரத்தின் எல்லாப் பக்கங்களும் சமமாக இருப்பதால், எந்தத் திசையில் வெட்டினாலும் தெளிவு ஏறத்தாழ ஒன்றே. நோயாளி கழுத்துப் பட்டையுடன் அசையாமல் மல்லாந்து படுத்திருக்கலாம். சில விநாடிகளில் ஒரு முறை எடுத்த தகவலிலிருந்து கிடைமட்ட வெட்டு, செங்குத்து வெட்டு, மூக்கிலிருந்து பிடரி நோக்கிச் செல்லும் பக்க வெட்டு என அனைத்தையும் பின்னர் உருவாக்கலாம். அதே நேரத்தில் மூளையையும் கழுத்தெலும்பையும் பார்த்துவிட முடிகிறது.

கழுத்தை வளைத்து எடுக்கும் பழைய முறை இதனால் ஏறக்குறைய வழக்கொழிந்தது. பலத்த முகக் காயங்களுக்கு முதல் தெரிவாகப் பல அடுக்கு சி.டி. இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டிருப்பதற்கும் இதுவே காரணம்.

எனினும் ஒரு நிபந்தனை உண்டு. கருவி 64 அடுக்கு கொண்டதாக இருந்தாலும், தகவலை மூன்று அல்லது ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் மட்டும் தொகுத்துப் பார்த்தால் பழைய குறையே திரும்பிவரும். தலைக்கு எனப் பொதுவாகக் கேட்கப்படும் சி.டி. பெரும்பாலும் மூளையை நோக்கி அமைந்தது. அது முகத்தின் கீழ்ப்பகுதி வரை வராமலும் போகலாம். முக எலும்புகளுக்கு எனத் தனியே கேட்டு, ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான தடிமனில், எலும்புக்கு ஒன்றும் மென்திசுவுக்கு ஒன்றுமாக இரு வகையில் தொகுத்துப் பார்ப்பதே முறையானது.

முப்பரிமாணப் படம்: உதவியும் பொறியும்

சி.டி. தகவலிலிருந்து மண்டையோட்டின் முப்பரிமாணப் படத்தை உருவாக்கும் முயற்சிகள் 1980களின் தொடக்கத்திலேயே தொடங்கிவிட்டன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த மருத்துவர்கள் 1983, 1984 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் முக அறுவைச் சிகிச்சைத் துறையில் பெரும் ஆர்வத்தை உருவாக்கின.

கன்ன எலும்பு எந்தப் பக்கம் சுழன்றிருக்கிறது, உடைந்த துண்டுகள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்துள்ளன, முகத்தின் இரு பக்கங்களும் சமச்சீராக உள்ளனவா என்பனவற்றை இந்தப் படம் ஒரே பார்வையில் விளக்கிவிடுகிறது. அறுவைச் சிகிச்சையைத் திட்டமிடுபவருக்கும், நோயாளிக்கு நிலைமையை எடுத்துச் சொல்பவருக்கும் இது பேருதவி.

அதே வேளையில் இந்தப் படம் கணினி எடுத்த முடிவுகளின் விளைவு என்பதை மறந்துவிடலாகாது. எந்த அடர்த்திக்கு மேல் உள்ளதை எலும்பாகக் கொள்வது என்று ஒரு வரம்பை வைத்தே மேற்பரப்பு வரையப்படுகிறது. மிக மெல்லிய எலும்பு அந்த வரம்புக்குக் கீழே போய்விட்டால், அங்கே இல்லாத ஓட்டை ஒன்று தோன்றும். கண்குழியின் உட்சுவரிலும் தளத்திலும் இது அடிக்கடி நேர்வது. மறுபுறம், இடம்பெயராத மயிரிழை முறிவு வழுவழுப்பான மேற்பரப்பில் மறைந்துபோகும். சிக்கிய தசையோ இரத்தக் கசிவோ இதில் தெரிவதே இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், முதல் கேள்வியான தூண்களின் நிலைக்கு முப்பரிமாணப் படம் சிறந்த பதிலைத் தருகிறது. இரண்டாவது கேள்வியான மெல்லிய சுவர்களின் நிலைக்கு அது நம்பத்தக்கதன்று. அதற்குத் தட்டையான வெட்டுப் படங்களுக்கே திரும்ப வேண்டும்.

கூம்புக் கதிர் சி.டி.

1990களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் பல் மருத்துவத்துக்கென வேறொரு வகைக் கருவி உருவானது. இதில் விசிறி போன்ற மெல்லிய கதிருக்குப் பதிலாகக் கூம்பு வடிவக் கதிர் பயன்படுகிறது. நோயாளி பெரும்பாலும் உட்கார்ந்தோ நின்றோ இருக்க, கருவி தலையை ஒரு முறை சுற்றிவந்து முழுப் பகுதியையும் பதிவுசெய்கிறது. கருவி சிறியது; விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. எலும்பையும் பல்லையும் மிக நுண்ணிய தெளிவுடன் காட்டக்கூடியது.

பல்லிலும் அதன் வேர்களிலும் ஏற்பட்ட காயம், தனித்த கீழ்த்தாடை முறிவு, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய சரிபார்ப்பு ஆகியவற்றில் இது நன்கு பயன்படுகிறது. உலோகத் தகடுகளின் அருகிலும் எலும்பை ஓரளவு தெளிவாகக் காட்டுகிறது.

குறைகளும் உள்ளன. கூம்புக் கதிரில் சிதறல் மிகுதி என்பதால் தசை, கொழுப்பு, இரத்தம் ஆகியவற்றை வேறுபடுத்திக் காண முடிவதில்லை. ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுகோலின் எண்களும் இதில் நம்பத்தக்கவையாக அமைவதில்லை. ஒரு சுற்றுக்குப் பல விநாடிகள் ஆவதால், வலியில் இருப்பவர் சற்று அசைந்தாலும் படம் கலங்கிவிடும். மயக்கமுற்றவரை உட்காரவைத்துப் படம் எடுப்பதும் இயலாது.

ஐரோப்பிய ஆணையம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகவே கூறுகின்றன. மென்திசு பற்றிய தகவல் தேவையில்லாதபோது, கதிர்வீச்சு அளவும் குறைவாக இருக்குமானால், முக எலும்பு முறிவுகளுக்குக் கூம்புக் கதிர் சி.டி.யை மாற்றாகக் கருதலாம். மென்திசுவைக் காண வேண்டியிருந்தால் வழக்கமான சி.டி.யோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோதான் பொருத்தமானது என்பது அவற்றின் சாரம்.

கதிர்வீச்சுக் கணக்கு

கூம்புக் கதிர் முறைக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் முதன்மையான வாதம் குறைந்த கதிர்வீச்சு. இது பொதுவாக உண்மை. ஆனால் எப்போதும் உண்மையன்று.

அதே ஐரோப்பிய ஆவணத்தில் தொகுக்கப்பட்ட அளவுகளின்படி, முகம் முழுவதையும் உள்ளடக்கும் கூம்புக் கதிர் சி.டி.யில் கதிர்வீச்சு 0.03 மில்லிசீவர்ட் முதல் 1 மில்லிசீவர்ட்டுக்குச் சற்று மேல் வரை வேறுபடுகிறது. தாடைப் பகுதிக்கான வழக்கமான சி.டி.யில் அது ஏறத்தாழ 0.3 முதல் 1.4 வரை. இரண்டு வரம்புகளும் ஒன்றன் மேல் ஒன்று படிவதைக் கவனிக்க வேண்டும். கருவி எது, எவ்வளவு பெரிய பகுதி படம் எடுக்கப்படுகிறது, எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பன கருவியின் பெயரைவிட முக்கியமாகின்றன. அதன் பின்னர் பரவலான புதிய மீட்டுருவாக்க முறைகளால், வழக்கமான சி.டி.யிலும் முக எலும்புகளுக்குக் குறைந்த கதிர்வீச்சில் படம் எடுக்க முடிகிறது.

ஒப்பீட்டுக்காக, உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டொன்றுக்குப் பெறும் கதிர்வீச்சின் சராசரி 2.4 மில்லிசீவர்ட். பலத்த காயமடைந்த ஒருவருக்கு ஒரு முறை எடுக்கும் முக சி.டி.யின் ஆபத்து இந்த அளவில் மிகச் சிறியது. முறிவைத் தவறவிடுவதால் வரக்கூடிய ஆபத்து அதைவிடப் பெரியது.

குழந்தைகளைப் பொறுத்தவரை கூடுதல் கவனம் தேவை. சிறு வயதில் சி.டி. எடுத்துக்கொண்ட சுமார் 1,80,000 பேரின் விவரங்களை ஆராய்ந்த பிரிட்டன் ஆய்வொன்று 2012இல் வெளியானது. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தலையில் எடுக்கப்படும் ஒவ்வொரு 10,000 சி.டி.க்கும், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஓர் இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் ஏற்படக்கூடும் என்று அது மதிப்பிட்டது. தேவையான ஸ்கேனைத் தவிர்ப்பதற்கு இது காரணமாகாது. தேவையற்ற ஸ்கேனையும், ஒரே காயத்துக்குத் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் ஸ்கேனையும் தவிர்ப்பதற்கு இது போதுமான காரணம்.

கண்ணின் வில்லையும் கதிர்வீச்சால் பாதிக்கப்படக்கூடியது. கண்புரை உருவாவதற்கான கதிர்வீச்சு வரம்பு முன்னர் எண்ணியதைவிடக் குறைவு என்று சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2011இல் அறிவித்தது. ஒரு முறை எடுக்கும் ஸ்கேன் அந்த வரம்பை நெருங்குவதில்லை என்றாலும், பல முறை எடுப்பவர்களின் விடயத்தில் இது கருத்தில் கொள்ளத்தக்கது.

எந்தப் படமும் காட்டாதவை

முறைகளை ஒப்பிடும்போது, எந்த முறையும் தனித்து முடிவுசெய்ய முடியாத சில நிலைமைகள் உள்ளன என்பதையும் குறிப்பிட வேண்டும்.

குழந்தைகளின் எலும்பு வளையும் தன்மை உடையது. கண்குழியின் தளம் உடைந்து, ஒரு பொறிக்கதவு போலத் திறந்து, உடனே மூடிக்கொள்ளும். இடையில் தசை சிக்கிக்கொள்கிறது. வெளியே வீக்கமோ சிவப்போ அதிகம் இருக்காது. சி.டி.யிலும் எலும்பு ஏறக்குறைய ஒழுங்காகவே தோன்றலாம். ஆனால் குழந்தையால் மேலே பார்க்க முடியாது; வாந்தி வரும்; நாடித் துடிப்பு குறையும். இதைத் தலையில் ஏற்பட்ட அதிர்ச்சி என்று தவறாகக் கருதிவிடும் வாய்ப்பு உண்டு. சிக்கிய தசை இரத்த ஓட்டமின்றி அழிந்துவிடாமல் இருக்க, ஓரிரு நாட்களுக்குள் அதை விடுவிக்க வேண்டும். இங்கே குழந்தையின் கண் அசைவைச் சோதித்துப் பார்ப்பது ஸ்கேனைப் போலவே முக்கியமானது.

கண்ணுக்குப் பின்னால் இரத்தம் வேகமாகத் தேங்கி, கண் முன்தள்ளிப் பார்வை மங்கும் நிலை இன்னும் அவசரமானது. விழித்திரையும் பார்வை நரம்பும் இரத்த ஓட்டமின்றித் தாங்கக்கூடிய நேரம் மணிக்கணக்கில் மட்டுமே. அதுவும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் என்றே பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அழுத்தத்தைக் குறைக்கும் சிறு அறுவையை ஸ்கேனுக்காகத் தாமதிக்கக் கூடாது என்பதே மருத்துவ நெறி.

கண்குழிக்குள் மரத்துண்டு குத்தியிருந்தால் வேறொரு சிக்கல். உலர்ந்த மரம் சி.டி.யில் காற்றைப் போலக் கறுப்பாகத் தெரியும். அதைக் காற்றுக் குமிழி என்று எண்ணி விட்டுவிட்டால் பின்னர் கிருமித் தொற்று ஏற்படலாம். காயம் எப்படி ஏற்பட்டது என்பது படம் பார்ப்பவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியதன் அவசியத்தை இது உணர்த்துகிறது. எம்.ஆர்.ஐ. சில வேளைகளில் உதவும் என்றாலும், கண்ணில் இரும்புத் துகள் இருக்கலாம் என்ற ஐயம் இருக்கும் வரை அதைப் பயன்படுத்தக் கூடாது.

அறுவை அரங்கிலும், அதற்கு அப்பாலும்

கூம்புக் கதிர் முறைக்குப் புதிய முக்கியத்துவம் தந்திருப்பது அறுவை அரங்கு. நகர்த்தக்கூடிய கருவிகளைக் கொண்டு, காயத்தைத் தைத்து மூடுவதற்கு முன்னரே படம் எடுத்து, கண்குழித் தளத்தில் வைத்த தகடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க முடிகிறது. தவறாக இருந்தால் அங்கேயே திருத்தலாம். நோயாளியை இரண்டாம் முறை மயக்கத்துக்கு உட்படுத்த வேண்டிய தேவை இதனால் குறைகிறது. அந்த நேரத்தில் கேட்கப்படும் கேள்வி எலும்பையும் தகட்டையும் மட்டும் பற்றியது என்பதால், மென்திசு தெரியாத குறை பெரிதாவதில்லை.

அடுத்த மாற்றமும் வந்துவிட்டது. ஒவ்வொரு கதிர்த் துகளையும் தனித்தனியே எண்ணும் ஃபோட்டான் எண்ணும் சி.டி. கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 செப்டம்பரில் அனுமதி வழங்கியது. ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டுப் படங்களைத் தரக்கூடிய இம்முறை, கூம்புக் கதிரின் நுண்மையையும் வழக்கமான சி.டி.யின் மென்திசுத் தெளிவையும் ஒன்றிணைக்கும் என்ற எதிர்பார்ப்பு உள்ளது. விலை காரணமாக, அது பெரிய மையங்களைத் தாண்டிப் பரவக் காலமெடுக்கும்.

நோயாளி கேட்க வேண்டியவை

பிரிட்டன் போன்ற நாடுகளில் எந்த ஸ்கேன் என்பதை அரச மருத்துவமனையின் நடைமுறையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் நிலைமை வேறு. இருசக்கர வாகன விபத்துகள் முகக் காயங்களுக்கு முதன்மைக் காரணமாக உள்ள தமிழ்நாட்டில், குடும்பத்தினரே பணம் செலுத்தித் தனியார் மையத்தில் ஸ்கேன் எடுத்து, படச் சுருளுடன் மருத்துவரைத் தேடிச் செல்லும் வழக்கம் பரவலாக உண்டு. வெளிநாட்டில் வாழ்வோர் ஊரில் விபத்துக்குள்ளாகி, சிகிச்சையைத் தாம் வாழும் நாட்டில் தொடர வேண்டிய நிலையும் ஏற்படுகிறது.

இத்தகைய சூழலில் மூன்று விடயங்கள் பயன்தரும். ஸ்கேன் தலைக்கு மட்டும்தானா, முக எலும்புகளையும் உள்ளடக்கியதா என்பதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது முதலாவது. அச்சிட்ட சில படங்களுடன் திருப்தியடையாமல், மெல்லிய வெட்டுகள் அடங்கிய முழுத் தகவலையும் குறுந்தட்டிலோ வேறு வடிவிலோ பெற்றுக்கொள்வது இரண்டாவது. அந்தத் தகவல் கையில் இருந்தால் வேறொரு மருத்துவமனையில் செங்குத்துப் படங்களையும் முப்பரிமாணப் படத்தையும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். பல வேளைகளில் இன்னொரு ஸ்கேனும் கதிர்வீச்சும் தேவைப்படாது. பார்வை மங்குதல், இரட்டைப் பார்வை, கண்ணை அசைக்க முடியாமை, கடிக்கும்போது பற்கள் பொருந்தாமை ஆகியவற்றை மருத்துவரிடம் தவறாமல் சொல்வது மூன்றாவது.

இந்த மூன்றாவது விடயத்தைப் பலரும் சிறியதாக எண்ணிவிடுகின்றனர். ஆனால் எந்த முறையில், எந்தப் பகுதியை, எவ்வளவு மெல்லிய வெட்டுகளாகப் பார்க்க வேண்டும் என்ற முடிவு அந்த அறிகுறிகளிலிருந்தே தொடங்குகிறது. படம் பார்க்கும் கதிரியல் நிபுணருக்கு அவை எட்டாமல் போனால், மிகப் புதிய கருவி எடுத்த படத்திலும் அரை மில்லிமீட்டர் எலும்பில் ஏற்பட்ட முறிவு கவனிக்கப்படாமல் போகக்கூடும்.